தேவதாயம்: விற்கக் கூடாது என்பதன் பொருள் என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்திரப்பதிவு நிறுத்தி வைக்கப்பட்ட ஒரு கிராமத்தைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான செய்தியில், 'தேவதாயம் என்றால் எக்காலத்தும் விற்க முடியாத கோயில் சொத்து' என்று ஒரே வரியில் விளக்கம் தரப்பட்டிருந்தது. அதைத் தொடர்ந்து வந்த வாசகர் கடிதங்களில் சில, அவ்வூரில் குடியிருப்போர் எல்லாருமே ஆக்கிரமிப்பாளர்கள் என்றன. வேறு சில, கையில் பட்டா இருக்கும்போது வழக்கொழிந்த சொல் ஒன்றைக் காட்டிப் பதிவை மறுப்பது அநியாயம் என்றன. முடிவில் எதிரெதிராக நின்றாலும், இரு தரப்பாரும் அச்சொல்லுக்குத் தங்கள் செய்தியாளர் தந்த பொருளையே எடுத்துக்கொண்டு வாதிடுகிறார்கள். அந்தப் பொருள் பாதிதான் சரி. வழக்கறிஞர் ஒருவரிடம் எழுத்தராக இருந்து, நில வழக்குகளுக்காகப் பழைய பதிவேடுகளின் நகல் எடுப்பதையே பிழைப்பாகக் கொண்டிருந்தவன் என்ற முறையில் மீதிப் பாதியை எழுத விரும்புகிறேன்.

முதலில் சொல்லையே பார்க்கலாம். வடமொழியில் 'தாயம்' என்பது கொடையையும் குறிக்கும், வழிவழியாக வரும் பங்கையும் குறிக்கும். கொடையாக விடப்பட்ட நிலங்களைக் குறித்துவைத்த மானியப் பதிவேடுகளில் இந்த விகுதியோடு மூன்று சொற்கள் அடிக்கடி வருகின்றன. கோயிலுக்கு விடப்பட்டது தேவதாயம். சத்திரம், தண்ணீர்ப்பந்தல் போன்ற அறங்களுக்கு விடப்பட்டது தர்மதாயம். பிராமணர்களுக்கு அவர்களுடைய சொந்த அனுபவத்துக்காக விடப்பட்டது பிரம்மதாயம். ஓசையில் உடன்பிறப்புகளாகத் தோன்றும் இம்மூன்றும் சட்டத்தில் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. முதல் இரண்டும் ஒரு பணிக்காகக் கட்டுண்ட சொத்துகள். மூன்றாவது தனியார் சொத்து. அதை விற்கவோ அடகு வைக்கவோ எந்தத் தடையும் இருந்ததில்லை. பிரம்மதாயம் என்று குறிக்கப்பட்ட புல எண்ணைக் கோயில் நிலமென்று எண்ணி வாங்க அஞ்சுவோரை இன்றும் பார்க்கிறேன். தர்மதாயம் என்ற சொல்லைப் பொருட்படுத்தாமல் வாங்கிவிட்டுப் பிறகு நீதிமன்றத்துக்கு அலைவோர் அதைவிட அதிகம்.

ஒரு பணிக்காகச் சொத்தைக் கட்டிவைக்கும் இக்கருத்து ஆங்கிலேயர் கொண்டுவந்ததன்று. சோழர் கல்வெட்டுகளில் தேவதானம் என்ற சொல்லே வழங்குகிறது. வரி நீக்கப்பட்டதாயின் இறையிலி என்ற சொல்லும் சேர்ந்து வரும். 'சந்திராதித்தவல்', அதாவது சந்திரனும் சூரியனும் உள்ளளவும், என்று காலம் குறிக்கப்படும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளின்படி, ஒரு திருவிளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடுகள் என்ற கணக்கில் இடையர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டியது அவர்கள் கடமை. இத்தகைய ஆடுகளைக் கல்வெட்டுகள் 'சாவா மூவாப் பேராடு' என்கின்றன. ஆடுகள் சாகும், மூப்படையும். அதை எழுதியவர்களும் அறிவார்கள். குறைந்த ஆட்டுக்குக் குட்டியை ஈடாக விட்டு எண்ணிக்கையைக் காக்க வேண்டும் என்பதும், அந்த எண்ணிக்கையிலிருந்து வரும் நெய் நிற்கக் கூடாது என்பதுமே ஏற்பாடு. ஒவ்வோர் ஆடும் மாறிக்கொண்டே இருந்தாலும் விளக்குக்கு ஒதுக்கிய முதல் மாறாது. பிற்காலத்து நீதிமன்றங்கள் பக்கம் பக்கமாக எழுதி வந்தடைந்த இடத்தை இந்தத் தொடர் மூன்றே சொற்களில் தொட்டுவிட்டது என்பது என் கருத்து.

அதே கல்வெட்டுகளில் வாசகர்கள் கவனிக்க வேண்டிய வேறொரு வழக்கும் உண்டு. சில தேவதானங்கள் 'குடிநீக்கி' கொடுக்கப்பட்டன. சில 'குடிநீங்காத் தேவதானம்' என்று கொடுக்கப்பட்டன. முன்னதில் பழைய உழுகுடிகளின் உரிமை நீக்கப்பட்டு நிலம் முழுவதும் கோயிலைச் சேர்ந்தது. பின்னதில் குடிகள் தங்கள் உரிமையோடு நிலத்தில் தொடர்ந்தார்கள், அவர்கள் செலுத்த வேண்டிய கடமை மட்டும் கோயிலுக்குத் திருப்பிவிடப்பட்டது. இன்றைய வழக்குகளில் பெரும்பாலானவற்றின் வேர் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

சென்னை மாகாணத்தில் 1858-இல் இனாம், அதாவது மானியங்களை விசாரிக்கும் இனாம் கமிஷன் அமைக்கப்பட்டது. டெய்லர் என்ற அதிகாரி அதன் ஆணையராக இருந்தார். ஊர் ஊராக மானியங்களை விசாரித்து, ஐம்பது ஆண்டு அனுபவம் இருந்தால் அதையே உரிமைக்குப் போதுமான ஆதாரமாகக் கொண்டு, ஒவ்வொன்றையும் அது உறுதிசெய்தது. தனியார் மானியங்களைப் பொறுத்தவரை, ஆண்டுதோறும் 'ஜோடி' எனப்பட்ட ஒரு குறைந்த வரியைச் செலுத்த உடன்பட்டால், அரசுக்கு என்றேனும் திரும்பவேண்டிய உரிமையை விட்டுக்கொடுத்து, முழுச் சுதந்திரச் சொத்தாக ஆக்கிக் கொடுத்தார்கள். தேவதாயத்துக்கும் தர்மதாயத்துக்கும் அந்த வழியைத் திறக்கவில்லை. மானியத்தின் நிபந்தனை நிறைவேற்றப்படும் வரை இடையூறின்றி அனுபவித்துக்கொள்ளலாம் என்ற வாசகத்தோடு அவற்றுக்கு டைட்டில் டீட் என்னும் உரிமைப் பத்திரம் வழங்கப்பட்டது. விற்க முடியாத தன்மை என்று நாம் இன்று சொல்வது, எழுத்து வடிவில், இந்த வாசகத்திலிருந்து பிறக்கிறது. இங்கிலாந்தில் திருச்சபைக்குப் போன நிலம் ஒருபோதும் திரும்புவதில்லை என்ற அச்சத்தால் 1279-லேயே முதலாம் எட்வர்டு மன்னர் அத்தகைய கொடைகளுக்குத் தடை விதித்திருந்தார். அதே நாட்டிலிருந்து வந்தவர்கள் இங்கே கோயிலுக்குப் போன நிலம் திரும்பாமல் பார்த்துக்கொள்ளும் பதிவேட்டை எழுதினார்கள் என்பதைப் பலமுறை வேடிக்கையாக நினைத்ததுண்டு.

இனாம் ஃபேர் ரிஜிஸ்தர் என்னும் அந்தப் பதிவேட்டின் ஒரு பக்கத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வருவது எளிதில் விளங்கும். நிலத்தின் பைமாஷ் எண்ணும் (பழைய நில அளவை எண்) விஸ்தீரணமும் ஒரு பக்கம் இருக்கும். மானியம் எந்த வகை, யார் கொடுத்தது, எந்த ஆண்டு, முதலில் பெற்றவர் யார், இப்போது அனுபவிப்பவர் யார், அவருக்கு என்ன வயது என்பன அடுத்தடுத்த பத்திகளில் வரும். கொடுத்தவர் பெயர் 'தெரியவில்லை' என்றே பல இடங்களில் இருக்கும். அதற்கப்பால் டெபுடி கலெக்டரின் பரிந்துரையும், ஆணையரின் முடிவும், டைட்டில் டீட் எண்ணும் காணப்படும். பெரும்பாலோர் 'எந்த வகை' என்ற பத்தியில் தேவதாயம் என்ற சொல்லைக் கண்டவுடன் பதிவேட்டை மூடிவிடுகிறார்கள். ஆனால் உண்மையில் வழக்கைத் தீர்ப்பவை பெற்றவர் பெயரும் ஆணையரின் முடிவும்தான். பெற்றவர் பத்தியில் இன்ன ஊர் 'பகோடா' என்று கோயிலின் பெயர் இருக்கலாம். அப்படியின்றி இன்னார் மகன் இன்னார், அர்ச்சகர் என்று மனிதரின் பெயர் இருக்கலாம். முன்னதில் சொத்து கோயிலுடையது. அர்ச்சகர் அனுபவித்தாலும் கோயிலின் பொருட்டே அனுபவிக்கிறார். பின்னதில் சொத்து ஊழியம் செய்பவருக்கு, ஊழியத்தின் சுமையோடு, கொடுக்கப்பட்டது. இனாம் பதிவேட்டுக்குச் சான்று மதிப்பு மிக உயர்ந்தது என்று 1919-இல், அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் சொன்னதை வழக்கறிஞர்கள் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த மதிப்பு பதிவேட்டின் எல்லாப் பத்திகளுக்கும் சேர்த்துத்தான்.

இனி, என்ன கொடுக்கப்பட்டது என்ற கேள்வி. நிலத்தின் விளைவில் அரசுக்கோ மானியதாரருக்கோ சேரும் பங்கு மேல்வாரம். உழுபவனின் உரிமையும் பங்கும் குடிவாரம். கோயிலுக்கு மேல்வாரம் மட்டும் விடப்பட்டிருந்தால், கோயிலுக்குச் சொந்தமானது அந்த வருவாய்தான். குடிவாரம் குடியானவனுடையது, அவன் அதை விற்றான், பிள்ளைகளுக்குப் பிரித்தான், ஒற்றி வைத்தான், யாரும் தடுக்கவில்லை. இருவாரமும் விடப்பட்டிருந்தால் நிலமே கோயிலுடையது, உழுதவன் குத்தகைதாரன். விற்க முடியாத தன்மை கொடுக்கப்பட்ட பொருளோடு மட்டுமே ஒட்டிக்கொள்ளும், கொடுக்கப்படாத பொருளை அது எட்டாது. ஒரே ஊரில், ஒரே வாய்க்காலில் பாயும் இரண்டு வயல்களில், ஒன்று மேல்வார தேவதாயமாகவும் மற்றொன்று இருவார தேவதாயமாகவும் இருப்பது அரிதன்று. தங்கள் செய்தி இந்த வேறுபாட்டைத் தொடவே இல்லை. மானியம் என்றாலே மேல்வாரம் மட்டுந்தான் என்ற அனுமானத்துக்கு இடமில்லை, ஒவ்வொரு வழக்கிலும் சான்றுகளைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்று 1918-இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்ததால், ஊருக்கு ஊர் தனித்தனியாக வழக்காட வேண்டிய நிலை வந்தது என்பதும் உண்மை.

விற்க முடியாது என்பதன் தன்மையையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். பழைய கிரயப் பத்திரங்களில் 'புத்திர பௌத்திர பாரம்பரியமாய், தானாதி விநிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்வது' என்று எழுதுவார்கள். பத்திர எழுத்தர்கள் மூச்சுவிடாமல் எழுதிப்போகும் இந்தத் தொடரில் இரண்டு தனித்தனி உரிமைகள் இருக்கின்றன. மகன், பேரன் என்று வழிவழியாக வருவது ஒன்று. கொடுக்கவும் மாற்றவும் விற்கவும் தகுதி பெறுவது மற்றொன்று. ஊழிய மானியம் வைத்திருந்த குடும்பங்களுக்கு முதலாவது இருந்தது, இரண்டாவது இல்லை. நான்கு தலைமுறையாக எங்கள் கையில் இருக்கிறது என்று அவர்கள் சொல்வது பொய்யன்று. அதனால் விற்கும் உரிமை வந்துவிட்டது என்று சொல்வதுதான் பிழை. ஊழிய மானியத்தை விற்றாலும் அடகு வைத்தாலும் செல்லாது என்பதை 1934-இல் அறநிலையச் சட்டத்தில் சேர்த்த 44-பி பிரிவு வெளிப்படையாகவே சொல்லியது. இன்றைய 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதன் இடத்தில் 41-ஆம் பிரிவு இருக்கிறது. இந்தக் கட்டை அவிழ்க்கவே முடியாது என்பதுமில்லை. தேவதாசிகளின் மானியங்களை ஊழிய நிபந்தனையிலிருந்து விடுவித்து அவர்களுக்கே உரிமையாக்க, முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் 1929-இல் தனித் திருத்தம் செய்யப்பட்டது. நிலத்தின் மீதான நிபந்தனையே அப்பெண்களைக் கோயிலோடு பிணைத்திருந்த கயிறு என்பதை அவர் கண்டுகொண்டிருந்தார்.

கோயிலுக்கே சொந்தமான நிலத்தைப் பொறுத்தவரை, தடை நிலத்தின் மீது விழுவதை விட, நிர்வகிப்பவரின் அதிகாரத்தின் மீதே விழுகிறது. தெய்வத்தைச் சட்டம் தன்னுரிமையுள்ள ஓர் ஆளாகவும், தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள இயலாத சிறாரைப் போலவும் கருதுகிறது. தர்மகர்த்தா காப்பாளர் நிலையில் இருக்கிறார். தவிர்க்க முடியாத தேவைக்காக அவர் கடன் வாங்கினால் அது சொத்தைக் கட்டுப்படுத்தும் என்று 1875-இல் பிரிவி கவுன்சில் ஏற்றுக்கொண்டது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, 1869-இல், என்றென்றைக்குமாக ஒரே வாடகையை நிர்ணயித்து நிலத்தைக் கொடுத்துவிடுவது நிர்வாகியின் கடமைக்கு மாறானது என்றும் அது சொல்லியிருந்தது. எனவே விற்பனை மட்டும் தடை, நிரந்தரக் குத்தகை தடையில்லை என்ற கடைவீதி வாதம் அன்றைக்கே அடிபட்டுப் போனது. இன்றைய சட்டத்தின் 34-ஆம் பிரிவும் இதே வழியில்தான் செல்கிறது: விற்பனை, பரிவர்த்தனை, அடமானம், ஐந்தாண்டுக்கு மேற்பட்ட குத்தகை ஆகியவை, நிறுவனத்துக்குத் தேவையானது அல்லது நன்மை தருவது என்று ஆணையர் அனுமதி அளித்தாலன்றிச் செல்லாது, அனுமதிக்கு முன் விவரங்களை வெளியிட்டு ஆட்சேபணைகளைக் கேட்க வேண்டும். ஆக, 'எக்காலத்தும் விற்க முடியாத' என்ற தங்கள் செய்தியின் சொற்கள் சட்டத்தில் இல்லை. உரிய காரணமின்றி, உரியவரின் அனுமதியின்றி விற்க முடியாத சொத்து என்று எழுதியிருந்தால் சரியாக இருந்திருக்கும்.

இந்தத் தடை சட்டமன்றத்தைக் கட்டுப்படுத்தவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டமும் 1963-ஆம் ஆண்டு இனாம் ஒழிப்புச் சட்டங்களும் தேவதாயங்களையும் சேர்த்தே வாரிக்கொண்டன. கோயிலுக்கு மேல்வாரம் மட்டும் இருந்த இடங்களில் அந்த உரிமை அரசிடம் போனது, குடிவாரதாரருக்கு அரசுக்கு நேரடியாக வரி செலுத்தும் ரயத்துவாரி பட்டா கிடைத்தது, கோயிலுக்கு ஈடாக ஆண்டுதோறும் தஸ்திக் எனப்பட்ட ரொக்கத் தொகை வழங்க ஏற்பாடாயிற்று. நெல்லாக வந்த காலத்தில் விலையோடு சேர்ந்து உயர்ந்துவந்த வருவாய், ரூபாய்க் கணக்கில் நின்றதும் தேய்ந்துபோனது. பல சிறு கோயில்களில் ஒருகால பூசையும் நின்றதற்கு ஆக்கிரமிப்பை மட்டும் குறைசொல்வோர் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும். இருவாரமும் கோயிலுக்கு இருந்த இடங்களில் பட்டா கோயிலின் பெயருக்கே வந்தது. ஊழிய மானியங்களுக்கு 30/1963 எண்ணுள்ள சிறு இனாம் சட்டம் தனி வழி வகுத்தது: ஊழியம் தொடர்ந்தால் நிலத்தில் தொடரலாம், குறிப்பிட்ட தொகையைக் கோயிலுக்குச் செலுத்தி ஊழியத்திலிருந்து விடுபடவும் செய்யலாம்.

இதிலிருந்து, தங்கள் செய்தியில் வந்த கிராமத்தைப் போன்ற இடங்களில், 1860-களின் பதிவேட்டில் தேவதாயம் என்று இருப்பதை மட்டும் வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது என்பது புலனாகும். 1963-க்குப் பின் செட்டில்மெண்ட் தாசில்தார் விசாரித்து யாருக்குப் பட்டா வழங்கினார் என்பதையும் பார்க்க வேண்டும். குடிவாரதாரருக்கு முறைப்படி பட்டா வழங்கப்பட்டு, அவரிடமிருந்து வாங்கியவர் வீடு கட்டியிருந்தால், அவரை ஆக்கிரமிப்பாளர் என்பது அவதூறு. அதே சமயம், பட்டா கோயிலின் பெயரில் வந்திருந்து, பின்னாளில் ஏதோ ஓர் அலுவலகத்தில் பெயர் மாற்றப்பட்டிருந்தால், அந்தப் பட்டாவை நம்பி வாங்கியவர் எத்தனை ஆண்டு குடியிருந்தாலும் பயனில்லை. அறநிலைய நிறுவனத்தின் அசையாச் சொத்தை மீட்கும் வழக்குகளுக்குக் காலவரம்புச் சட்டம் பொருந்தாது என்று 1959-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 109-ஆம் பிரிவு சொல்கிறது. பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவும், அறநிலைய நிறுவனங்களுக்குச் 'சொந்தமான' அல்லது அவற்றுக்கென விடப்பட்ட சொத்தை அனுமதியின்றி மாற்றும் பத்திரத்தைத்தான் மறுக்கச் சொல்கிறதே தவிர, பழைய ஏடுகளில் ஒரு சொல் காணப்படும் எல்லாப் புல எண்களையும் முடக்கச் சொல்லவில்லை. ஒரு கிராமம் முழுவதற்கும், பத்திரப்பதிவுக்காக அரசு குறிக்கும் வழிகாட்டி மதிப்பைப் பூஜ்யமாக்கிப் பதிவையே நிறுத்தி வைப்பது நிர்வாகத்துக்கு எளிது. அந்தக் கிராமத்தில் மகளின் திருமணத்துக்காகத் தன் சொந்த மனையை அடகு வைக்க வருபவருக்கு அது எவ்வளவு கொடுமை என்பதைச் சார்பதிவாளர் அலுவலக வாசலில் நின்றால் தெரியும். அதேபோல், உண்மையில் கோயிலுடைய நிலத்தைப் பிளாட் போட்டு விற்றவர்களுக்கு 'எல்லா ஊரிலும் இப்படித்தான் தொந்தரவு செய்கிறார்கள்' என்று சொல்லித் தப்பிக்கவும் இந்த மொத்த முடக்கமே வாய்ப்பளிக்கிறது.

ஆகவே, இனிமேல் இத்தகைய செய்திகளை வெளியிடும்போது, தேவதாயம் என்ற சொல்லோடு நிறுத்தாமல், பதிவேட்டில் மானியம் பெற்றவர் கோயிலா ஊழியரா, கொடுக்கப்பட்டது மேல்வாரமா இருவாரமா, 1963-ஆம் ஆண்டுச் சட்டங்களின் கீழ் பட்டா யாருக்கு வழங்கப்பட்டது என்ற மூன்றையும் கேட்டறிந்து எழுதுமாறு தங்கள் செய்தியாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். இவை இரகசியமானவை அல்ல. இனாம் ஃபேர் ரிஜிஸ்தரின் சான்றிட்ட நகலை மாவட்ட ஆட்சியர் அலுவலகப் பதிவறையிலோ, சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலோ விண்ணப்பித்துப் பெறலாம். மனை வாங்கப்போகும் வாசகர்களும், வில்லங்கச் சான்றோடு திருப்தியடையாமல், இந்த நகலை எடுத்துப் பார்ப்பது நல்லது. வில்லங்கச் சான்று பதிவான பத்திரங்களை மட்டுமே காட்டும், மானியத்தின் தன்மையைக் காட்டாது. விண்ணப்பத்தில் இன்றைய புல எண்ணை மட்டும் எழுதினால் தேடுவது கடினம். பழைய பைமாஷ் எண்ணும், தெரிந்தால் டைட்டில் டீட் எண்ணும், ஊரின் அன்றைய தாலுகா பெயரும் சேர்த்து எழுத வேண்டும்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற வழக்கறிஞர் எழுத்தர்,
கும்பகோணம்.